எண்கள் மட்டும் திரும்பி வந்தன

போன வருடக் குளிர்காலம். சிட்னியில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டே வாரம் பாக்கி. அதற்கு முன் துறையில் எல்லார் முன்னிலையிலும் என் தேற்றத்தை விளக்க வேண்டும். ஆய்வேடே அந்த ஒரு தேற்றத்தின் மேல்தான் நின்றது. பேச்சு நாளன்று, நான் குடியிருந்த புறநகரான டூங்கபியில் ரயில் ஏறும்போதே எனக்குக் கைதட்டல் கேட்டுவிட்டது!

என் ஆராய்ச்சி, டெரைவ்டு கேட்டகரி என்ற கணிதம். ஒரு வடிவத்தைப் பற்றிய எல்லாவற்றையும் ஓர் அமைப்பாக அடுக்கி, அதை எப்படித் திருப்பினால் சமநிலை குலையாது என்று பார்ப்பது. அந்த அமைப்பில் உள்ள ஒவ்வொன்றையும் 'பொருள்' என்போம், ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளமாகச் சில எண்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட திருப்பலை இரண்டு முறை செய்தால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதுதான் என் நிரூபணத்தின் முதல் படி. கணினியில் ஆயிரம் தடவை சரிபார்த்திருந்தேன்.

பேச்சுக்கு அரை மணி நேரம் முன்பு, மெல்பர்னிலிருந்து வந்திருந்த ஓர் இலங்கைத் தமிழ் ஆய்வாளர் தேநீர் மேசையருகே வந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. முந்தைய வருடம் அவர் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து, அவருடைய பிழையை அறை முழுக்கக் கேட்கும்படி சொன்ன புண்ணியவான் நான்தான். அதில் பெருமை வேறு.

"உங்கட கட்டுரையை பிளேனில வாசிச்சனான். ஒருக்கா வெளியில வாறீங்களா?" என்றார். வராந்தாவில் ஒரு தாளில் நாலு வரி எழுதினார். "ரெண்டு தரம் திருப்பினா எண்ணுகள் மட்டும்தான் திரும்பி வருது. பொருள் ரெண்டு படி தள்ளி நிக்குது, பாருங்கோ."

பொருளுக்கு நாங்கள் ஒட்டும் எண்களைத்தான் கணினி சரிபார்த்திருக்கிறது. பொருளை நான் பார்க்கவே இல்லை. மூன்றரை வருடம் போச்சு! அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதை நீங்க பேச்சு நடுவுல எழுந்து கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எனக்குப் போன வருசம் அண்டைக்கு எப்பிடி இருந்தது எண்டு எனக்குத் தெரியும்தானே."

தேற்றம் போனதைவிட இது பெரிய அதிர்ச்சி. அவர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

உள்ளே போய், தேற்றம் தப்பு என்று நானே சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன். பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. மிஞ்சியது சின்னத் தேற்றம்தான், ஆனால் சரியானது.

அன்று அவர் எல்லார் முன்பும் கேட்டிருந்தால் எங்களுக்குள் இருந்த கணக்கு தீர்ந்திருக்கும், ஆனால் நான் மட்டும் பழைய ஆளாகவே இருந்திருப்பேன்.