தண்ணீர் விசில்

அந்த அக்கா டீயைக் கொட்டியதைப் பார்த்த நிமிடத்தில்தான் எல்லாம் தொடங்கியது. கொழுந்து பறிக்கும் இடத்துக்கே பத்து மணி டீ வந்திருந்தது. எல்லோரும் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துச் சூட்டை அனுபவித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இரண்டு வாய் குடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, மீதியைச் செடியின் தூரில் கவிழ்த்தார். கீழ் கோத்தகிரிக் குளிரில் சூடான டீயை யாராவது கொட்டுவார்களா?

நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அக்கா அதற்குள் மூன்று முறை காய்ச்சலோடும் நீர்க்கடுப்போடும் வந்துவிட்டார். இன்னொரு தடவை வந்தால் கிட்னி வரைக்கும் போய்விடும், கோயம்புத்தூருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது அக்கா நன்றாகத் தலையாட்டினார். குடிக்கிறாரா என்று பார்க்கத்தான் அன்று நான் மலை ஏறினேன்.

இத்தனைக்கும் முந்தைய வாரம்தான் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தேன். ஊட்டியில் ஒரு பயிற்சியில் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்கள் தங்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று வாசித்தேன். "நடக்கறதுக்குனு தனியா வேற நடக்கோணுமுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்கு எழுந்த சிரிப்போடு அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது.

அக்காவிடம் போய், "ஏன்க்கா, டீ நல்லா இல்லையா?" என்றேன்.

"நல்லாத்தானுங்க அம்மிணி இருக்குது. குடிச்சா அப்புறம் ஒதுங்கோணுமில்ல?"

"ஒதுங்கிட்டு வரவேண்டியதுதானே?"

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "இதையக் கட்டி ஒருக்கா அவுத்துப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

'இது' என்றால் படங்கு. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிய தார்ப்பாய்த் துண்டு, அதை இறுக்கிய கயிறு. செடியில் நிற்கும் பனியும் குச்சியும் உடம்பில் படாமலிருக்க எல்லோரும் கட்டுவது. நானும் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவிழ்க்கும்போதுதான் தெரிந்தது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, விரல்கள் மரத்துவிட்டன. கடைசியில் பல்லால் கடித்தேன். சுற்றிலும் ஒரே கும்மாளம்.

"அவுத்துட்டா மட்டும் ஆச்சுங்களா?" என்றார் அக்கா. "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுத்தான் நெரையை விட்டு எறங்கோணும். ஆம்பளைகிட்டப் போயி என்னன்னு சொல்றது? திரும்பி வர்றதுக்குள்ள நம்ம நெரையில இவ பூந்து பறிச்சுருவா."

"நான் ஏன்டி பூர்றேன்? என் நெரையவே என்னால முடிக்க முடியல!"

விடிந்ததிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. என் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், யாருடைய நிரையும் போகாது என்று எனக்குத் தோன்றியது. உடனே சூப்பர்வைசரிடம் ஓடினேன். பதினோரு மணிக்கு ஒரு விசில், பத்து நிமிட ஓய்வு, அவ்வளவுதான் என்றேன். காரணத்தைச் சொன்னதும் அவர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, இதையெல்லாம் எங்கிட்டயா சொல்லுவீங்க? விசில்தானே, ஊதிர்றனுங்க. எதுக்குன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். அப்படியானால் நான்தான் சொல்ல வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு விசில் கேட்டது. அந்த மலையில் விசிலுக்கு ஒரே அர்த்தம்தான்: எடை. முப்பது பெண்களும் கொழுந்துப் பையை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் மளமளவென்று இறங்கி, ரோட்டோர எடைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே தராசும் இல்லை, டிராக்டரும் இல்லை. நான் மட்டும் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கடி தராசு?"

"தராசு வரல, நர்சம்மாதான் வந்திருக்குது. இன்னைக்கு நம்மளை எடை போடறாங்களாட்ட இருக்குது!"

சூப்பர்வைசர் ரோட்டு வளைவைத் தாண்டிப் போயே போய்விட்டார். வேறு வழியில்லாமல் விசில் எதற்கு என்று முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி நானே கத்திச் சொன்னேன். கொட்டகைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். "அட, இதுக்கா ஊதுனாரு அந்த மனுசன்!"

ஆனால் ஒருவரும் திரும்பி ஏறவில்லை. எப்படியோ இறங்கியாயிற்று, மூட்டையும் கீழே வைத்தாயிற்று. இரண்டு பேர் தங்கள் படங்கை அவிழ்த்து, கொட்டகைக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே திரையாகப் பிடித்தார்கள். யார் முதலில் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா போனார். திரும்பி வந்ததும் படங்கின் ஒரு முனையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டு, "ம், அடுத்தது யாரு? வெக்கப்படறவங்கெல்லாம் எனக்குப் பின்னால ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

இது நடந்து பத்து நாள் ஆகிறது, பதினோரு மணி விசில் தினமும் கேட்கிறது. அக்காவுக்குக் காய்ச்சல் வரவில்லை, கடுப்பும் குறைந்திருக்கிறது. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து பறிப்பு மேல்காட்டுக்குப் போகிறது. அங்கே ரோடு இல்லை, கொட்டகை இல்லை, சோலை ஓரத்தில் காட்டெருமைகள் வேறு. "அங்க போனா பழையபடி வாயைக் கட்டிக்க வேண்டியதுதானுங்க" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

அதனால் இரண்டு பழைய படங்குகளைச் சேர்த்துத் தைத்து, நான்கு மூலையிலும் கயிறு கோத்திருக்கிறோம். நிழல் மரங்களில் கட்டிக்கொள்ளலாம். மேலே சுமந்து வருவது அக்கா, தண்ணீர் என் பொறுப்பு. காட்டெருமைகள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று சூப்பர்வைசரிடம் நாளைக் காலையில் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்காவது அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்.