பேச வந்த பெண்கள்

போன வாரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். அந்த வாசனை வந்ததும் எனக்குத் தலைமன்னார் கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. நாகர்கோவிலிலிருந்து எங்கள் சபை வாலிபர்கள் எட்டுப் பேர், பத்து நாள் ஊழியத்துக்கு திருகோணமலை போனோம். வெளிநாட்டு மிஷனரி! பாஸ்போர்ட் படத்தில் என்னைப் பார்த்தால் திருடிவிட்டுப் பிடிபட்டவள் மாதிரி இருக்கும். ஆனாலும் தெருவில் ஒருத்தர் விடாமல் காட்டியிருந்தேன்.

"அங்கயும் தமிழ்தான், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்" என்று கூட வந்த என் தோழி எஸ்தரிடம் பெருமையடித்ததும் நான்தான். கப்பலில் வாயைத் திறக்க முடியவில்லை, அது வேறு காரணத்தால்.

அப்புறம் ரயில். ரயில் மாறி இன்னொரு ரயில். திருகோணமலையில் இறங்கியபோது, துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் உப்பைப் பூசியது. தெருவில் மான் ஒன்று மாடு மாதிரி நிதானமாகக் கடந்து போனது. நானும் எஸ்தரும் காரணமே இல்லாமல் சிரித்தோம். அழைக்க வந்திருந்த, அன்புவழிபுரத்தில் எங்கள் இரண்டு பேரையும் தன் வீட்டில் வைத்துக்கொண்ட ரூபியக்காவும் சேர்ந்து சிரித்தார். அவர் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவர்; சிரிக்க அவருக்கும் காரணம் தேவைப்படாது.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. கோயிலில் அறிவிப்புச் சொல்ல என்னை நிறுத்தினார்கள். ஊரில் மொட்டைமாடியில் பழகியிருந்த குரலில் சொன்னேன்: "நாளைக்குக் காலையில உங்க எல்லார் வீட்டுக்கும் வந்து, குழந்தைகள் உட்பட ஒருத்தர் விடாம பேசுவோம்." பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பெரியவர்கள் சிலர் குனிந்துகொண்டார்கள். பக்தி என்று நினைத்தேன்.

திங்கள் காலை, ரூபியக்கா முன்னால் நடக்க, முதல் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா கதிரை போட்டு உட்கார வைத்தார். அவருடைய ஏழு வயது மகளைக் காணவில்லை.

"அலுமாரிக்குள்ள ஒளிச்சிட்டாள். நீங்க பேசப் போறீங்கள் எண்டு நேற்று சொன்னீங்களாம்."

"ஆமா, பேசத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

அலுமாரிக்குள்ளிருந்து ஓவென்று அழுகை கிளம்பியது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். வந்த முதல் வீட்டிலேயே ஒரு குழந்தையை அழவைத்துவிட்டேன். ஊரில் போய் என்ன சொல்லப் போகிறேன்? ரூபியக்காவோ கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார்.

"பிள்ளை, இஞ்ச பேசுறது எண்டா ஏசுறது. கதைக்க வந்தனான் எண்டு சொல்லுங்கோ."

ஒருத்தர் விடாமல் வீடு வீடாக வந்து திட்டுவோம் என்று கோயிலில் நின்று அறிவித்திருக்கிறேன்!

அலுமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "கதைக்க வந்தனான்" என்றேன். தயார் செய்து வந்த வசனமெல்லாம் மறந்துபோக, கப்பலில் நான் வாந்தியெடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கதை பக்கத்தில் நின்றவரின் வேட்டிவரை வந்தபோது கதவு ஒரு விரலளவு திறந்தது.

"எத்தினை தரம் சத்தி எடுத்தனீங்க?"

"ஆறு தரம்."

கதவு முழுசாகத் திறந்தது. வெளியே வந்தவள் என் காதில் சொன்னாள்: "சனிக்கிழமை கோயில் மணி அடிச்சது நான்தான்."

யாரோ நேரமில்லா நேரத்தில் மணியடிக்க, சாவு என்று நினைத்து ஊரே ஓடிவந்திருந்ததாம். கடல் தாண்டிப் போய் நாங்கள் கேட்ட முதல் பாவ அறிக்கை அது. அம்மாவிடம் சொல்லலாம், கூட நான் நிற்கிறேன் என்றேன். சொன்னாள். அம்மா அவளைப் பேசினார், அந்த ஊர் அர்த்தத்தில். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, பாரம் இறங்கின முகத்தோடு நின்றாள். அதன்பிறகு எல்லா வீட்டுக்கும் எங்களோடு வந்து, "இவ ஆறு தரம் சத்தி எடுத்தவ" என்று அறிமுகமும் செய்துவைத்தாள். எந்த வீட்டிலும் நான் பிரசங்கம் செய்யவில்லை. எல்லாரும் கதைத்தார்கள், நாங்கள் கேட்டோம்.

மூன்றாம் நாள் கிண்ணியாவுக்குப் போகப் பாதையில் ஏறினோம். பாதை என்றால் ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவை. அதுவும் அன்றைக்குக் கற்றதுதான். தொப்பி போட்ட ஒரு பெரியவர் எங்களை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பேச வந்த பிள்ளையள் நீங்கதானே? அக்கரையில என்ட மருமகன் நிக்கிறான். அவனையும் கொஞ்சம் பேசிட்டுப் போங்கோ."

பாதையே சிரிப்பில் குலுங்கியது. எனக்குத் தலை சுற்றவேயில்லை.

இன்று அந்த இடத்தில் பாலம் இருக்கிறதாம். கப்பலும் எண்பதுகளில் நின்றுபோனது. ரூபியக்கா பல வருஷம் மாதம் தவறாமல் கடிதம் எழுதினார். கடைசிக் கடிதம் நாலே வரி. ஊரில் நிலைமை சரியில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடுகிறோம், எங்கே என்று இன்னும் தெரியாது, இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம், போய்ச் சேர்ந்ததும் புது விலாசம் அனுப்புகிறேன் என்றிருந்தது.

அதற்கப்புறம் இரண்டு முறை நாங்கள் வீடு மாறினோம். இரண்டு முறையும் பழைய தபால்காரரிடம் எங்கள் புது விலாசத்தைச் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.