ரயில் ஏறும் முன்பே ஒரு ஸ்தோத்திரம்

போன வருஷம் மழைக்காலத்தில், பெருங்களத்தூர் ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலில் என்னால் ஏற முடியவில்லை. நெஞ்சு படபடத்தது. சுற்றிலும் எல்லாரும் தண்ணீருக்கடியில் நடப்பது போலத் தெரிந்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவள் பொங்கல் வரை சரியாக எழவில்லை. வேலை போனது. குளிப்பதுகூட மலையாக இருந்தது. “ஆண்டவரே, ஒன்று என்னை எழுப்பும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும்.” அதுதான் என் ஜெபம்.

அம்மா உபவாசமிருந்தார். அவரே விசாரித்து, தாம்பரத்தில் மனநல ஆலோசகர் நஸ்ரின் அக்காவிடம் கூட்டிப்போனார். அங்கே பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் யோகா.

“மந்திரம் எல்லாம் சொல்லணுமாக்கா?” என்று தயங்கினேன்.

“நீ உன் ஜெபத்தச் சொல்லு. எனக்கு உன் மூச்சு ஒழுங்கா வந்தா போதும்.”

ஆனால் பேச்சில்தான் மாட்டிக்கொண்டேன். நம் சபை வழக்கம் தெரியும்தானே, கஷ்டம் முடிந்த பிறகுதான் சாட்சி சொல்ல மைக்கைப் பிடிப்போம். அங்கேயும் அதே பழக்கத்தில், போன வாரம் கஷ்டம், இப்போது ஜெயம் என்று முடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்துகொள்வேன்.

ஒரு நாள் அக்கா நடுவில் நிறுத்தினார். “சூப்பரா பேசுற. ஸ்டேஜ்தான் இல்ல. முதல்ல படு.”

பாயில் மல்லாந்து படுத்தேன். வயிற்றின் மேல் கை. ஜன்னலில் மழை விட்ட வெளிச்சம். மூச்சு மெல்ல இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவை வந்து அமர்வதுபோல எங்கோ அமர்ந்தது. காதோரம் ஈரம். அழுதுகொண்டிருந்தேன்.

“இப்ப எப்படி இருக்கு? போன வாரம் இல்ல. இப்ப.”

“பயமா இருக்குக்கா.”

அதோடு நிறுத்திவிட்டேன். ஜெயம் என்று முடிக்கவில்லை. அறை இடிந்து விழவில்லை. கர்த்தரும் எழுந்து போய்விடவில்லை.

அன்றிலிருந்து முதலில் மூச்சு, பிறகுதான் பேச்சு. ஒரு விடியலில் வண்டலூர் மிருகக்காட்சி சாலைப் பக்கமிருந்து சிங்கத்தின் உறுமல் மிதந்து வந்தது. கேட்டுக்கொண்டே கிடந்தேன். காபி போடலாம் என்று தோன்றியது. அடுப்பங்கரையில் என்னைப் பார்த்த அம்மா, “எனக்கு சர்க்கரை கம்மியா போடுடி” என்று திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இந்த வாரம் ரயிலும் ஏறினேன். தாம்பரம் வரைதான். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே நின்றேன்.

முழுசாகக் குணமாகிவிட்டதா? இல்லை. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். ஜெயம் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்களே, ஜெபியுங்கள், கூடவே உதவி தேடிப் போங்கள். பாதியிலேயே சொல்லுங்கள். என் ஆண்டவர் பாதியில்தான் என்னைச் சந்தித்தார்.

நாளைக்கு கிண்டி வரை போகப் போகிறேன். பயமா இருக்கு. ஸ்தோத்திரம்.