சீல் வைத்த பிறகும் போன கடிதங்கள்

துபாய் தேராவில் மூன்று கடை. ஷார்ஜாவில் ஒரு குடோன். குவைத்தில் ஃபஹாஹீல் கடைத்தெருவில் தம்பிக்கு ஒரு கடை. ஊர் வழக்கப்படி பெண்மக்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வீடு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டினேன். எந்த மாமனாரும் கை கொடுக்கவில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாரும் சொல்லக் காணோமே.

எங்கள் ஊர்ச் சங்கம் துபாயில் கண்காட்சி வைக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தபால் கப்பலும் கடல் வணிகமும் என்று தலைப்பு. பழைய போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். போன வாரம் போய்ப் பார்த்தால், என் படத்துக்குக் கீழே ‘துறையில் ஒரு சுமைக்கூலி’ என்று இருக்கிறது. பக்கத்துப் பலகையில், வளைகுடா வணிகத்தை வளர்த்தது தபால் கப்பல் என்று கொட்டை எழுத்து.

கப்பலா வளர்த்தது?

அன்றைக்குத் துபாயில், ஊருக்குள் நுழையும் கடல் கழியான க்ரீக் ஓரத்தில் வெள்ளைக்காரன் நடத்திய தபாலாபீஸ் ஒன்றுதான். பம்பாய் மண்டியில் என்ன விலை, என்ன சரக்கு என்பது கடிதத்தில்தான் வரும். ஆர்டரும் கடிதத்தில்தான் போகும். பெரிய வியாபாரிகளுக்கு ஆபீசில் சொந்தப் பெட்டி உண்டு. கப்பல் வந்ததும் கடிதத்தை எடுத்துப் பதிலும் எழுதிவிடுவார்கள். கைலி விற்கும் நம் சின்னக் கடைக்காரர்கள் வரிசையில் நின்று கடிதம் வாங்குவதற்குள், பம்பாய்க்குத் திரும்பும் கப்பலின் தபால் பைக்கு அரக்குச் சீல் விழுந்துவிடும். பதில் அடுத்த கப்பலில்தான். அதற்குள் நல்ல சரக்கெல்லாம் பெரியவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.

கப்பல் க்ரீக்குக்குள் வராது, கடலில் நிற்கும். படகில் போய் மூட்டை இறக்குகிறவன் நான். மேல்தளத்தில் பயணிகளுக்கென்று ஒரு தபால் பெட்டி இருந்தது. ஸ்டாம்பு ஒட்டிய கடிதத்தை யார் போட்டாலும் பம்பாய் போகும். அந்தப் பெட்டி எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். கடைக்காரர்களிடம் போய், கடிதத்தைக் கொடுங்கள், நான் சேர்க்கிறேன் என்று கேட்டவன் நான் ஒருவன்தான்.

முதல் தடவையே சோதனை. பெருநாள் சரக்குக்கு அதுதான் கடைசிக் கப்பல். ஷமால் காற்று தூக்கி அடிக்கிறது. கடிதங்களை மெழுகுத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறேன். படகுக்காரன் மாஃபி, மாஃபி, முடியாது என்று தலையை ஆட்டுகிறான். பெரிய துணி வியாபாரி ஒருவர் கரையில் நின்று சிரித்தார்.

“கைலிக் கடைக் கடுதாசிக்கா உசிர விடப் போறே? பெருநாளைக்கு அவங்க பழசையே விக்கட்டும்டா.”

“இந்த வருசம் நீங்க வித்துப் பாருங்க மொதலாளி, பழச.”

படகுக்காரனிடம் துடுப்பை நான் போடுகிறேன், நீ உட்கார் என்றேன். ரோஷக்காரன், எழுந்து வந்துவிட்டான். கப்பல் ஏணி ஊஞ்சலாடியது. ஏறினேன், போட்டேன், இறங்கினேன். பெருநாளுக்கு முன்பே மூட்டைகள் வந்தன. பெரிய கடையில் தொங்கிய அதே கைலி சின்னக் கடைகளிலும் தொங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் கடைவீதிக் கடிதங்கள் என் இடுப்பில்தான் போயின. அந்தக் கடைகள்தான் இன்று பெரிய பெரிய பெயர்ப்பலகையோடு நிற்கின்றன.

இதைச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். கத்தாரில் ராஸ் லஃபான் கேஸ் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“மாமா, இது கப்பலப் பத்தின கண்காட்சி. ஆளப் பத்தி இல்லையே.”

“கப்பலுக்குப் பேரு போட்டிருக்கீங்களே தம்பி, அது ஒங்க மச்சானா?”

சிரித்துவிட்டார். சுமைக்கூலி என்பது சங்கடமாக இருந்தால் வணிகர் என்று மாற்றிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். கூலி என்பதில் எனக்கென்ன சங்கடம்? மூட்டை தூக்கப் போகாதவன் அந்தப் பெட்டியைக் கண்டிருப்பானா? ‘ஒரு’ என்பதுதான் பொறுக்கவில்லை.

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டீர்கள், இதுதான் கட்டுரை. இதில் யார் பெயரையும் நான் எழுதவில்லை, என் பெயரையும்தான். அதை எழுத வேண்டிய இடம் அந்தப் பலகை. கூலி என்றே இருக்கட்டும். பக்கத்தில் என் பெயரையும் வாப்பா பெயரையும் போட்டு, சீல் விழுந்த பிறகும் கடைவீதிக் கடிதங்களைக் கப்பலில் சேர்த்தவர் என்று எழுதுங்கள். முடியாதென்றால் என் படத்தைக் கழற்றிக் கொடுங்கள். கப்பல் தனியாக நிற்கட்டும்.