ஜேடே தியேச்சே

1999 ஜனவரி. காலை பதினொன்றரைக்கு ஹவுராவில் இறங்கினேன். நான் எட்டாவதோடு நின்றவன். என் கைப்பையில் இருந்ததோ தங்கையின் ஒரிஜினல் சான்றிதழ்கள், ஆறு. டாலிகஞ்சில் இருக்கும் அவளுக்கு மறுநாள் அங்கேயே டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று விருதுநகரிலிருந்து நானே கிளம்பினேன். இரண்டு ராத்திரியும் பையைத் தலைக்கு வைத்தே படுத்தேன்.

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தமிழர். அவர்தான் என்னைப் பயமுறுத்தினார்.

"தம்பி, இங்க 'ஜேடே தியேச்சே'ம்பாங்க. ஆட்டையப் போட்டுட்டான்னு அர்த்தம்."

"திருடிட்டான்னா?"

"திருட்டுக்கு வேற வார்த்தை இருக்கு. இது தூசி தட்டுற மாதிரி. ஒரு தட்டு, பொருள் போச்சு. பேனா, குடை, பர்ஸு. அடுத்தவன் பாட்டைத் தன் பாட்டுன்னாலும் இதுதான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, பறிகொடுத்தவனைத் தவிர."

பன்னிரண்டு மணிக்கு டாலிகஞ்ச் பஸ். டிக்கெட் நாலு ரூபாய், தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நிற்கத்தான் இடம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மாள், "பேக்டா தின், தாதா" என்று, பையைக் கொடுங்கள் அண்ணா என்பதுபோல், என் பையின் காதைப் பிடித்தார். நான் விடவில்லை. டிரைவர் பிரேக் போட்டார். பை அந்த அம்மாள் கையில், நான் நாலு ஆள் தள்ளி.

"ஜேடே தியேச்சே!" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்டக்டர் அவர் மடியைக் காட்டினார். என் பைக்கு அடியில் ஒரு காய்கறிப் பையும் ஒரு ஆபீஸ் பையும் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் கம்பியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்பவர் சுமையை உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்வது அங்கே வழக்கமாம். இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காளிகாட் தாண்டும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றேகாலுக்கு டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷன் நிறுத்தம். கூட்டம் என்னைக் கீழே தள்ளிவிட்டது. பை உள்ளே. ஓடிப்போய் பஸ்ஸைத் தட்டினேன். ஜன்னல் வழியாக அந்த அம்மாள் பையை நீட்டினார்.

"ஜேடே தியினி, தாதா. தேகே நின்."

ஆட்டையைப் போடவில்லை அண்ணா, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அது எனக்கே புரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையைத் திறந்து எண்ணினேன். ஆறும் இருந்தன. தலை நிமிர்ந்தபோது பஸ் நகர்ந்துவிட்டது.

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவர் மடியில் எத்தனையோ தடவை பையைக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.