டிக்கிக்குள் படுத்திருந்த தச்சன்

நான் தச்சன். பதினைந்து வருடம் காரைக்குடிப் பக்கம் கதவும் நிலையும் செய்துவிட்டு, இப்போது கார் டிக்கிகளில் சப்வூஃபர் பெட்டி செய்து மாட்டுகிறேன். பாட்டில் வயிற்றைத் தொடும் 'தும்' என்ற ஓசைக்கென்றே ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு. அது உட்காரும் பெட்டி. அளவு கொஞ்சம் பிசகினாலும் ஓசை குழறும். மூலையில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தால் காற்று சீறும்.

என் அண்ணனும் தச்சன்தான், கதவுத் தச்சன். எங்கே பார்த்தாலும், "என்னடா, இன்னைக்கு எத்தனை டப்பா அடிச்ச?" என்பான். "கதவுன்னா ஆளு வருவான், போவான். ஒன் டப்பாவுல என்னடா போகும்?" காற்று என்று சொன்னால் அவன் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் கொத்தமங்கலத்துச் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவரிடமிருந்து வேலை வந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகள் சென்னையில் வேலை பார்ப்பவள், புதுக் கார் வாங்கியிருந்தாள். போனில் என்னிடம், "அண்ணே, சீட்டுல சாஞ்சா முதுகு அதிரணும்" என்றாள். ஆச்சியின் கவலை வேறு. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வீட்டையும் சீர் சாமான்களையும் காரையும் பார்க்க வருகிறார்கள்.

"சம்பந்தி வாயில ஒரு கொறை வந்துறக் கூடாது. பாத்துச் செய்யுங்க" என்றார் ஆச்சி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பாட்டைத் தவிர வேற ஒரு சத்தம் வந்துச்சுன்னா, பெட்டியக் கழட்டித் தலையில வச்சுக்கிட்டு காரைக்குடிக்கு நடந்தே போறேன் ஆச்சி" என்றேன். இதை அண்ணனிடமும் சொல்லித் தொலைத்தேன். "தலைக்குச் சும்மாடு நான் தாரேன்" என்றான்.

வியாழக்கிழமை பெட்டியை மாட்டி, அரை மணி நேரம் பாட்டுப் போட்டுக் காட்டினேன். சுத்தமான ஓசை. ஆச்சி பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் முகப்பில் இருந்த குழாய் ஓட்டையைக் காட்டி, "இந்தப் பொந்து எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"உள்ள இருக்க காத்து வந்து போக ஆச்சி."

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்ல ஆச்சி. வெறும் பெட்டிதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆச்சி வீட்டு டிரைவர் போன் செய்தார். "அண்ணே, பாட்டுப் போட்டா சலசலங்குது. பத்து மணிக்கு அவுக வந்துருவாக. ஒடனே வாங்க."

பைக்கில் பறந்தேன். உண்மைதான். ஒவ்வொரு 'தும்'முக்கும் ஒரு 'சல' கூடவே வந்தது. நம்பர் பிளேட்டை அழுத்திப் பிடித்தேன். ஸ்டெப்னியை எடுத்துக் கீழே வைத்தேன். ஜாக்கியைத் துணியில் சுற்றினேன். சத்தம் போகவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் நானே டிக்கிக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தேன். "மூடிட்டுப் பாட்டைப் போடுங்க. எங்கிட்டு வருதுன்னு கேட்டுக்கிறேன்" என்றேன். டிரைவர் மூடினார்.

பாட்டு ஓடியது. பாதியில் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. வாசலில் சம்பந்தி வீட்டுக் கார் வந்து நின்றதும் டிரைவர் அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டைக் கையில் வாங்க ஓடிவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இருட்டில் வேர்த்து ஊற்றியது. தட்டினேன். வெளியே யாரோ, "கார் தட்டுதே" என்றார்கள்.

டிக்கி திறந்தது. மாப்பிள்ளை நின்றிருந்தார். பின்னால் அவர் அம்மா. அதற்கும் பின்னால் முகம் வெளிறிப்போய் எங்கள் ஆச்சி. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. படுத்தபடியே, "வாங்க மாப்பிள்ளை" என்றேன்.

"யாரு இவுக?" என்றார் சம்பந்தி ஆச்சி.

"பாட்டுப் பெட்டி செஞ்சவுக" என்றார் எங்கள் ஆச்சி.

"பெட்டியோட ஆளையும் சேத்தா குடுக்குறீக?"

எல்லோரும் சிரித்தார்கள், என்னையும் ஆச்சியையும் தவிர. மாப்பிள்ளை ஆசையாகப் பாட்டைப் போட்டார். தும், சல. தும், சல. சம்பந்தி ஆச்சி காதைக் கொடுத்து, "என்னமோ சல்லடையில அரிக்கிற மாதிரி இருக்கே" என்றார். குறை வந்துவிட்டது. காரைக்குடிக்குப் போகும் சாலையும் சும்மாடும் என் கண் முன்னால் வந்தன. அத்தனை பேர் முன்னாலும் ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டிக்குள் கையை விட்டேன்.

பச்சரிசி. இரண்டு விரலி மஞ்சள். மூன்று கொட்டைப் பாக்கு.

நான் ஆச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "சீருக்குப் போற புதுப் பெட்டிய வெறுமையாவா குடுப்பாக?" என்றார் மெதுவாக. "பொந்து வழியாப் போட்டேன்."

என் தொழிலையே கெடுத்தாரே என்று கோபம் மூக்கு வரை வந்தது. அதற்குள் சம்பந்தி ஆச்சி அந்த அரிசியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "முறை தெரிஞ்சவுகதான்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எடுத்ததைத் திரும்ப உள்ள வையுங்க. சத்தமும் வரக் கூடாது" என்றார்.

அரிசியையும் மஞ்சளையும் பாக்கையும் மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்து, பஞ்சில் பொதிந்து, பெட்டியின் உள்மூலையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். ஸ்பீக்கரை மாட்டினேன். தும் மட்டும் வந்தது. சம்பந்தி ஆச்சி பின் சீட்டில் சாய்ந்து இரண்டு பாட்டு கேட்டார். "முதுகு வலிக்கு நல்லா இருக்கே" என்றார். எங்கள் ஆச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது என் ஆயுதப் பெட்டியைத் தூக்கினேன். உள்ளே கலகலத்தது. திறந்தேன். உளிகளுக்கு நடுவில் ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள், ஒரு பாக்கு. திரும்பினால், ஆச்சி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தனை வருடத்தில் யாரும் என் பெட்டியைப் பெட்டி என்று மதித்ததில்லை.

மறுநாள் அண்ணன் கடைக்கு வந்து, சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னடா, டப்பா சத்தம் போட்டுச்சாமே?" என்றான். அரிசியும் பாக்கும் அப்படியே கிடந்த ஆயுதப் பெட்டியைத் தூக்கி அவன் காதோரம் ஆட்டினேன்.