கப்பல் ஏறாத மூட்டை

ஏலக்காய் வியாபாரி என்பவன் சொந்த ஊர் மழையில் மட்டுமல்ல, கண்ணால் காணாத ஊர்ச் சண்டையிலும் நனைகிறவன். பாலக்காட்டிலிருந்து குமுளிக்கு மலையேறி வந்து கடை போட்டபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்தச் சரக்காக இருந்தாலும் சரி, தூர தேசத்தை நம்பிப் பிழைப்பு நடத்தி மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கேயோ சண்டை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கொரியாவில் சண்டை என்றார்கள். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் மலைச்சரக்குக்கெல்லாம் ஒரே கிராக்கி. கடையில் காய் பொறுக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஆறு பேராக்கினேன். காம்பு கிள்ளி, வெடித்த காயை ஒதுக்கி, பச்சை மாறாத முதல்தரப் பருங்காயைத் தனியே குவிப்பது அவர்கள் வேலை. பருங்காய் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறும்.

அவர்களில் மூத்தவள் வேலம்மா. கம்பத்துக்காரி. புருஷன் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு குமுளியிலேயே குடிசை போட்டுக்கொண்டவள். விலை ஏறிய காரணத்தை நான் பெரிய விவரஸ்தன் மாதிரி விளக்கினேன். பொறுக்குகிற கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அங்க ஆளு சாகுறதுக்கு இங்க நமக்குச் சோறா? நல்லாருக்கு மொதலாளி ஒங்க யாவாரம்!"

எந்த மூன்று பேர்?

அந்தச் சண்டை நின்றது, விலை விழுந்தது, நானும் விழுந்து மெல்ல எழுந்தேன். ஐம்பத்தாறு ஐப்பசியில் கேரளம் பிறந்தது. என் பாலக்காடும் என் கடையும் ஒரே ராஜ்யத்துக்குள் வந்த சந்தோஷத்தில் ஊருக்கு மிட்டாய் கொடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் கொச்சித் தரகரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. எகிப்தில் சண்டையாம், நம் கப்பல் போகிற சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்களாம், மறு தகவல் வரும்வரை சரக்கு அனுப்ப வேண்டாமாம்.

ஆறு பேருக்கு வேலை கொடுக்க வழியில்லை. "நாளையிலிருந்து மூன்று பேர் போதும்" என்றேன். எந்த மூன்று பேர் என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். நான் கோழை, அதை மறைத்து என்ன பயன்? காலையில் போனால் மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மறுநாளும் மூன்று பேர், ஆனால் வேறு மூன்று முகம். என்ன கணக்கு இது என்று வேலம்மாவைக் கேட்டேன். "யார் வீட்டுல அடுப்பு எரியலையோ அன்னைக்கு அவ வருவா. அது எங்களுக்குத் தெரியும் மொதலாளி, நீங்க கெடந்து மருகாதீக."

கல்பாத்தியில் ஒரு மூக்கு

மூட்டைகள் தேங்கின. மழை வேறு விடவில்லை. ஈரம் ஏறினால் காய் பூசணம் பூத்துவிடும் என்று பெண்கள் கரிக்கணப்பு மூட்டி, பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பது போலக் காயைப் புரட்டிப் புரட்டி உலர்த்தினார்கள். பருங்காய் கப்பலுக்கு, வெடித்ததும் உள்ளே விதையில்லாத பொக்கும் உள்ளூருக்கு என்பது எங்கள் மலையில் எழுதாத சட்டம். என் வீட்டுத் தேநீரிலேயே பொக்குதான் கொதித்தது. "ஏன் மொதலாளி, ஒங்க ஊருல கல்யாணம் காட்சியே கெடையாதா?" என்று வேலம்மா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு தகர டப்பாவில் பருங்காயை நிரப்பிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனேன். அங்கே கல்பாத்தி அக்ரகாரத்தில் கல்யாணச் சமையல் செய்யும் கிட்டு அய்யர் ஒரு காயைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். சரி, மெச்சப் போகிறார் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவருக்கு வந்ததோ கோபம். "இத்தனை நாளா நல்லதையெல்லாம் கப்பலேத்திட்டு, எங்க பாயசத்துக்குப் பொக்கைப் போட வச்சேளே, ராவுத்தரே!"

சிவப்பு நூல்

அந்தக் கோபம்தான் எங்களைக் காப்பாற்றியது. அய்யர் சொல்லி நாலைந்து சமையல்காரர்கள் கேட்டார்கள், அப்புறம் அல்வாக் கடை, அப்புறம் எங்கள் ஜனங்களின் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரிகள். கைப்பிடி கைப்பிடியாகத்தான் போனது, ஆனால் வாரம் தவறாமல் போனது. தை பிறப்பதற்குள் ஆறு பேரும் தினமும் வர ஆரம்பித்தார்கள்.

சித்திரையில் கால்வாய் திறந்தது. இருக்கிற பருங்காய் அத்தனையும் அனுப்பு என்று தந்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா மூட்டையையும் லாரியில் ஏற்றச் சொன்னேன். வாயில் சிவப்பு நூல் கட்டிய ஒரு மூட்டை மட்டும் நகரவில்லை. அதன்மேல் வேலம்மா உட்கார்ந்திருந்தாள். பாலக்காட்டுக்கென்று அவளாகவே ஒதுக்கி வைத்ததாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கடை உன்னுதா, என்னுதா?" என்று கத்தினேன். மற்ற ஐந்து பேரின் கையும் நின்றுவிட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "கடை ஒங்களுதுதான் மொதலாளி. கப்பல் ஒங்களுது இல்லையே. அது வராத அன்னைக்கு எங்க ஆறு பேருக்கும் கஞ்சி ஊத்துனது இந்த மூட்டைதான்."

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்த தேசத்தில் எந்தச் சண்டை வந்தாலும் நின்றாலும் என் கடையில் சிவப்பு நூல் கட்டிய ஒரு மூட்டை கப்பல் ஏறுவதில்லை, ஏற்றலாம் என்று நினைக்கக்கூட முதலாளிக்கு அங்கே அதிகாரமில்லை.